கார் ரயரா, எல்.டி. ரயரா? யாழ்ப்பாணத்து ஜீப்புக்கு ரயர் தெரிவு

ரயர் கடையில் முதலில் கேட்பார்கள்: "என்ன சைஸ் அண்ணை?" அடுத்த கதை விலை. இந்த இரண்டுக்கும் நடுவே கேட்க வேண்டிய கேள்வி ஒன்று அநேகமாக விடுபட்டுப்போகிறது. உங்களுக்கு வேண்டியது கார் வகை ரயரா, எல்.டி. எனப்படும் இலகு லொறி வகை ரயரா? இரண்டும் ஒரே அளவில் வரும். பார்வைக்கும் ஒன்றுபோலவே இருக்கும். உள்ளே கட்டிய விதம், தாங்கும் பாரம், அடிக்க வேண்டிய காற்று மூன்றும் வேறு.

பிராடோ, மொன்டெரோ, எக்ஸ்-ட்ரெயில், வெசல், ஜிம்னி, ஹைலக்ஸ் கப் போன்றவற்றை வைத்திருந்து, தாங்களே பார்த்து ரயர் வாங்க விரும்புபவர்களுக்காக இந்த அத்தியாயம் எழுதப்பட்டது. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குடாநாட்டு வீதிகளிலும் ஏ9 வழியே கொழும்புக்கும் ஆட்களோடு ஓடுகின்ற ஜீப்புக்கு நல்ல கார் வகை ரயரே பொருத்தம். பாரம் ஏற்றுபவர்களுக்கும், கல்லிலும் முள்ளிலும் தினமும் ஓடுபவர்களுக்கும் எல்.டி. தேவை, அவர்கள் அதில் கை சுருக்கக் கூடாது. நீங்கள் எந்தப் பக்கம் என்பதை வாகனத்தின் தோற்றத்தை வைத்துத் தீர்மானிக்க முடியாது. பாரத்தையும் தரையையும் கணக்குப் பார்த்துத்தான் தீர்மானிக்க வேண்டும்.

உள்ளே என்ன வேறுபாடு

கார் வகை ரயரின் பக்கச்சுவர் மெல்லியது, வளைந்து கொடுக்கும். அதனால் ஓட்டம் மென்மையாக இருக்கும், பிறேக் நன்றாகப் பிடிக்கும், எரிபொருள் குறைவாகச் செல்லும். எல்.டி. ரயரில் நூலடுக்குகள் தடிப்பானவை, பக்கச்சுவர் விறைப்பானது, றப்பர் ஆழமானது. ஒவ்வொரு ரயரும் சில கிலோ கூடுதலாக நிறுக்கும். "பத்துப் பிளை" என்று கடையில் சொல்வது அதன் வலு எந்தத் தரத்தில் உள்ளது என்பதைத்தான். உள்ளே உண்மையில் பத்து அடுக்குகள் இருப்பதில்லை. தர எழுத்து சி என்றால் 6 பிளைத் தரம், டி என்றால் 8, ஈ என்றால் 10.

படி 1: கதவுத் தகட்டை வாசியுங்கள்

சாரதி கதவைத் திறந்தால் கதவு மூடும் தூணில் ஒரு சிறிய தகடோ ஒட்டியோ இருக்கும். வாகனம் வெளிவந்தபோது போட்ட ரயரின் அளவும் காற்றழுத்தமும் அதில் உண்டு. கடைக்காரரின் சொல்லுக்கும் நண்பரின் அனுபவத்துக்கும் முன்னால் வர வேண்டிய ஆவணம் இதுதான்.

1. தகட்டைக் கைத்தொலைபேசியில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.
2. இப்போது போட்டிருக்கும் ரயரின் அளவோடு ஒப்பிடுங்கள். கைமாறி வந்த வாகனங்களில் இரண்டும் பொருந்தாமல் இருப்பது சாதாரணம். அப்படியானால் தகட்டில் உள்ளதையே அடிப்படையாகக் கொள்ளுங்கள்.
3. காற்றழுத்தம் எந்த அலகில் இருக்கிறது என்று பாருங்கள். யப்பானிலிருந்து வந்த வாகனங்களில் தகடு யப்பான் மொழியிலும் அழுத்தம் கிலோ பாஸ்கலிலும் இருக்கும். நம் பெற்றோல் நிலையங்களில் காற்று அடிப்பது பி.எஸ்.ஐ. கணக்கில்.

மாற்றுக் கணக்கு: 200 என்றால் 29 பி.எஸ்.ஐ., 220 என்றால் 32, 230 என்றால் 33, 240 என்றால் 35, 250 என்றால் 36.

குறிப்பு: முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் வேறு வேறு எண் இருக்கலாம். முழுப் பாரத்துக்கென்று தனி வரியும் இருக்கலாம். யப்பான் எழுத்து விளங்காவிட்டாலும் வாகனத்தின் சிறு படத்தைப் பார்த்து எது முன், எது பின் என்று கண்டுகொள்ளலாம்.

படி 2: பக்கச்சுவரை வாசியுங்கள்

பழைய 150 வகைப் பிராடோக்களிலும் ஹைலக்ஸ்களிலும் பரவலாகக் காணும் ஓர் அளவை எடுத்துக்கொள்வோம்: 265/65 ஆர்17 112எஸ். ரயரின் அகலம் 265 மில்லிமீற்றர். பக்கச்சுவரின் உயரம் அந்த அகலத்தின் 65 வீதம். ரிம் 17 அங்குலம். 112 என்பது பாரக் குறியெண். எஸ் என்பது வேகக் குறி.

வகையை இப்படி அறியலாம்:

1. எண்ணுக்கு முன்னால் ஆங்கில எழுத்தில் பி இருந்தாலோ, எந்த எழுத்தும் இல்லாமலிருந்தாலோ அது கார் வகை. எல்.டி. என்ற எழுத்துகளோ சி என்ற எழுத்தோ பின்னால் இருக்கிறதா என்பதையும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.
2. எண்ணுக்கு முன்னால் எல்.டி. என்று இருந்தால் அமெரிக்க முறை இலகு லொறி ரயர்.
3. எல்.டி. கடைசியில் வந்தால் பெரும்பாலும் யப்பான் முறை இலகு லொறி ரயர். ரிம் எண்ணோடு ஒட்டி சி என்று இருந்தால் ஐரோப்பிய முறை. பாரம் ஏற்றும் வான்களுக்கு இவை வரும்.
4. 121/118 போல இரண்டு பாரக் குறியெண்கள் இருந்தாலும் அது லொறி வகைதான். முதலாவது எண் ஒற்றைச் சக்கரத்துக்கு, இரண்டாவது பின்னால் இரட்டைச் சக்கரம் பூட்டும் வாகனத்துக்கு. ஜீப்புக்கு முதலாவதைப் பாருங்கள்.

பாரக் குறியெண் கிலோ அல்ல. 96 என்றால் 710 கிலோ, 107 என்றால் 975, 110 என்றால் 1060, 112 என்றால் 1120, 116 என்றால் 1250, 121 என்றால் 1450 கிலோ. ஒவ்வொரு ரயரும் தாங்கும் உச்சம் அது. அதற்குரிய காற்று இருந்தால் மட்டும்.

அளவு ஒன்றாக இருப்பதால் ஏமாறுவது எப்படி என்பதற்கு நம்மூர் வீதியிலேயே உதாரணம் உண்டு. புதிய ஜிம்னியின் ரயர் 195/80 ஆர்15 96எஸ். கே.டி.எச். வானின் ரயர் 195/80 ஆர்15 107/105 எல்.டி. அளவு எழுத்துக்கு எழுத்து ஒன்று. ஒன்று 710 கிலோ தாங்கும், மற்றது 975 கிலோ. ஜிம்னியின் ரயரை வானில் போட்டு, பதினான்கு பேரோடு கதிர்காமம் புறப்படுவது உயிரோடு விளையாடுவது. வானின் ரயரை ஜிம்னியில் போட்டால் உயிருக்கு உடனடி ஆபத்தில்லை. ஆனால் அந்தச் சின்ன வாகனம் ஒவ்வொரு குழியிலும் துள்ளும், மழையில் பிடி குறையும். விலை மலிவாகக் கிடைக்கிறதென்று இந்த மாற்றத்தை இரண்டு பக்கமும் செய்கிறார்கள். செய்யாதீர்கள்.

வேகக் குறியில் அதிகம் மினக்கெட வேண்டாம். கியூ 160, ஆர் 170, எஸ் 180, ரி 190, எச் 210 கிலோமீற்றர். நம் நாட்டில் ஊர்மனைக்கு வெளியே கார்களுக்கு எல்லை 70, அதிவேக வீதியில் 100. எந்தக் குறியும் போதும். ஆனாலும் தகட்டில் உள்ள ரயரைவிடக் குறைந்த குறிக்கு இறங்க வேண்டாம். வேகக் குறி என்பது ரயர் எவ்வளவு சூட்டைத் தாங்கும் என்பதற்கும் அடையாளம். எல்.டி. வகைக்கு மாறும்போது மட்டும் குறி ஓரிரண்டு படி இறங்கி வருவது வழக்கம், அது ஏற்கத்தக்கது.

பூவையும் வகையையும் குழப்ப வேண்டாம்

பலரும் இடறும் இடம் இது. ரயரின் பூ, அதாவது மேலே தெரியும் வெட்டு, ஒரு விடயம். உள்ளே உள்ள கட்டு இன்னொரு விடயம். எச்.டி. என்பது வீதிக்கான பூ, ஏ.டி. என்பது வீதிக்கும் மண்ணுக்கும் பொதுவான பூ, எம்.டி. என்பது சேற்றுக்கான பெரிய கட்டிப் பூ. ஏ.டி. பூ போட்ட கார் வகை ரயரும் உண்டு, அதே பூவில் எல்.டி. ரயரும் உண்டு. "முரட்டு ரயராத் தெரியுது, பாரம் தாங்கும்" என்று வெளிப் பூவை வைத்துச் சொல்லும் பேச்சை நம்ப வேண்டாம். பக்கச்சுவரின் எழுத்துத்தான் சாட்சி.

எம்.டி. பூவைக் குடாநாட்டில் ஓடும் குடும்ப வாகனத்துக்கு நான் பரிந்துரைப்பதில்லை. ஐப்பசி, கார்த்திகை மழையில் நனைந்த காப்பெற் வீதியில் பிறேக் போடும்போது, தரையைத் தொடும் றப்பர் குறைவாக இருப்பதன் விலை தெரியவரும்.

படி 3: பாரத்தைக் கணக்கிடுங்கள்

ஒரு கடதாசியும் பேனையும் எடுங்கள்.

1. பாரக் குறியெண்ணுக்குரிய கிலோவை எழுதுங்கள். 112 என்றால் 1120.
2. கார் வகை ரயரானால் 1.1ஆல் வகுங்கள். பி எழுத்து ரயரை ஜீப்பிலோ கப்பிலோ வானிலோ போடும்போது இப்படிக் குறைக்க வேண்டுமென்பது அமெரிக்கத் தரவிதி. உயரமான வாகனம் வளைவில் சாயும்போது ஒரு பக்க ரயர்களில் பாரம் கூடுகிறது என்பதால் வைத்த கழிவு அது. எழுத்தில்லாத கார் வகை ரயருக்கும் இந்தக் கழிவை வைத்துக்கொள்வது நல்லது. 1120 இப்போது 1018 ஆகிறது.
3. பின் அச்சில் வரும் பாரத்தைக் கண்டுபிடித்து இரண்டால் வகுங்கள். மொத்தப் பாரத்தை நான்கால் வகுப்பது தவறு. ஏற்றும் சாமானில் பெரும்பகுதி பின் அச்சிலேயே இறங்குகிறது.
4. இரண்டு எண்களையும் ஒப்பிடுங்கள்.

ஒரு பிராடோ, ஏழு பேர், பெட்டிகள், மேலே பனங்கிழங்குக் கட்டு, எல்லாம் சேர்த்து ஏறக்குறைய 3 தொன் என்று வைத்துக்கொள்வோம். அதில் பின் அச்சில் 1750 கிலோ வரும் என்று கொண்டால், பின் ரயர் ஒன்றுக்கு 875. கார் வகை ரயரின் எல்லை 1018. இடைவெளி நன்றாகவே இருக்கிறது. எல்.டி. தேவையில்லை.

இப்போது ஒரு கப். வெறுமனே நிற்கும்போது பின் அச்சில் 850 கிலோ என்று கொள்வோம். சீமெந்து 20 மூடை ஏற்றுகிறீர்கள்; மூடை 50 கிலோ, மொத்தம் ஒரு தொன். அது முழுக்கப் பின் அச்சில் இறங்கினால் 1850, ரயருக்கு 925. எல்லை 1018தான். கடதாசியில் தப்பித்துவிட்டது போலத் தெரியும். ஆனால் 1018 என்பது முழுக்காற்றில் தாங்கும் அளவு. நீங்கள் 29 பி.எஸ்.ஐ.யில் ஓடினால் அதே ரயர் தாங்குவது அதைவிட நன்றாகக் குறைவு. பின் ஆசனத்தில் இரண்டு மேசன்மாரும் இருந்து, வீதியில் ஒரு குழியும் வந்தால் மிச்சம் எதுவுமில்லை. இந்த வேலையை வாரம் தோறும் செய்யும் கப்புக்கு எல்.டி.தான். தீவுப்பகுதிக்கு ஆயிரம் லீற்றர்த் தாங்கியில் தண்ணீர் கொண்டு போவதும் இதே கணக்கு: ஆயிரம் லீற்றர் ஒரு தொன். சுன்னாகச் சந்தைக்கு வெங்காய மூடை ஏற்றுபவர்களும் மூடையை எண்ணாமல் கிலோவை எண்ணிப் பார்க்க வேண்டும்.

கவனம்: எல்.டி. ரயர் போட்டால் வாகனம் கூடுதலாகப் பாரம் ஏற்றும் என்று எண்ண வேண்டாம். வில்லும் அச்சும் பிறேக்கும் பழையவைதான். வாகனத்துக்கு விதித்த உச்சப் பாரம் ரயர் மாற்றியதால் ஒரு கிலோவும் கூடாது.

எப்போதாவது மட்டும் பாரம் ஏற்றுபவருக்கு நடுவழி ஒன்று இருக்கிறது. கார் வகையிலேயே எக்ஸ்.எல். என்று குறித்த கூடுதல் பார ரயர். 265/65 ஆர்17 அளவில் 116 குறியெண்ணோடு வந்தால் 1250 கிலோ, கழிவுக்குப் பின் 1136. அந்த முழுப் பலனுக்கு 42 பி.எஸ்.ஐ. வரை காற்று வேண்டும். மென்மை அவ்வளவாகக் கெடாது. கடைக்காரர் தானாகச் சொல்லமாட்டார்; கேட்டு வாங்குங்கள்.

படி 4: ஓடும் தரையைப் பாருங்கள்

போருக்குப் பின் ஏ9, பருத்தித்துறை வீதி, பலாலி வீதி, காங்கேசன்துறை வீதி எல்லாம் திருத்தப்பட்டுவிட்டன. 2011 ஜனவரியில் சங்குப்பிட்டிப் பாலம் திறந்தபின் பூநகரி வழியாக மன்னாருக்கும் நல்ல பாதை. இந்த வீதிகளுக்கு லொறி ரயர் எதற்கும் வேண்டாம்.

எல்.டி.யைக் கேட்கும் தரை வேறு. ஒழுங்கைக்கு வெளியே தலைநீட்டும் சுண்ணாம்புக் கல், கரையோரத்து முருகைக் கல், வடலி வெட்டிய அடிக்கட்டை, கருக்கு மட்டை, முள்ளுக்கம்பி வேலியின் மிச்சம். இவை குத்துவது ரயரின் அடியைக் காட்டிலும் பக்கச்சுவரை. அடியில் ஆணி ஏறினால் ஒட்டலாம். பக்கச்சுவர் கிழிந்தால் ரயர் குப்பைக்கு. மருதங்கேணி, செம்பியன்பற்று, ஆழியவளைப் பக்கம் கரைக்கு இறங்கி மீன் ஏற்றுபவர்கள், கல், மண் வேலை ஒப்பந்தக்காரர்கள், தென்மராட்சி வயல் வரம்போரம் தினமும் போய் வருபவர்கள் ஆகியோருக்குத் தடித்த பக்கச்சுவர் ஒரே வருடத்தில் தன் விலையைத் திருப்பித் தந்துவிடும்.

வருடத்தில் இரண்டு தடவை கசூரினாக் கடற்கரைக்குப் போவது இந்தக் கணக்கில் சேராது.

தெரிவு

1. வெசல், எக்ஸ்-ட்ரெயில் போன்ற, கார் உடலோடு கட்டிய வாகனங்கள்: கார் வகை மட்டும். இவற்றின் வில்லும் ரிம்மும் எல்.டி.க்கு அமைக்கப்பட்டவை அல்ல.
2. குடும்பத்தோடு ஓடும் பிராடோ, மொன்டெரோ: கார் வகை, எச்.டி. அல்லது மென்மையான ஏ.டி. பூ.
3. இடையிடையே பாரம் ஏற்றும் ஜீப், கப்: கார் வகை எக்ஸ்.எல்.
4. பாரம் ஏற்றியே பிழைக்கும் கப், இழுவைப் பெட்டி கட்டும் ஜீப், கல்லிலும் முள்ளிலும் தினமும் ஓடும் வாகனம்: எல்.டி., சி அல்லது டி தரம். ஈ தரம் தேவைப்படுவோர் வெகு சிலர். கடையில் இருக்கும் மிகத் தடித்த ரயர் மிக நல்ல ரயர் என்று அர்த்தமில்லை.
5. வந்தபோதே எல்.டி. பூட்டி வந்த வாகனம்: எல்.டி.தான். கார் வகைக்கு ஒருபோதும் இறங்க வேண்டாம்.

படி 5: வாங்கும்போது

பக்கச்சுவரில் ஒரு நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கங்கள் இருக்கும். முதல் இரண்டும் வாரம், கடைசி இரண்டும் ஆண்டு. 2324 என்றால் 2024ஆம் ஆண்டின் 23ஆம் வாரம். ரயரின் ஒரு பக்கத்தில் மட்டுமே இது முழுதாக இருக்கும். காணாவிட்டால் மறுபக்கத்தைப் புரட்டச் சொல்லுங்கள்.

1. நான்கு ரயரிலும் திகதியைத் தனித்தனியே பாருங்கள். ஒன்று புதிதும் மூன்று பழையதுமாகக் கலந்து வரலாம்.
2. கடை வாசலில் வெயிலில் அடுக்கி வைத்த ரயரை எடுக்காதீர்கள். உள்ளே நிழலில் இருப்பதைக் கேளுங்கள். காண்டாவன வெயிலில் பல மாதம் கிடந்த றப்பர், ஓடாமலே முதுமை அடைந்துவிடும்.
3. இரண்டு வருடத்துக்கு மேற்பட்ட இருப்பு என்றால் விலையைக் குறைக்கக் கேட்பதைவிட வேறு ரயர் கேட்பது நல்லது.
4. களனியில் உற்பத்தியாகும் சியெட் ரயர்கள் உட்பட உள்நாட்டு உற்பத்திகளில் உங்கள் அளவு இருக்கிறதா என்று பாருங்கள். உள்நாட்டு ரயர் தொழிற்சாலையிலிருந்து கடைக்கு வர அதிக காலம் எடுக்காது.
5. விலைச்சீட்டில் அளவு, வகை, பாரக் குறியெண், திகதி இலக்கம் நான்கையும் எழுதி வாங்குங்கள்.

பாவித்த ரயர், டக் போட்ட ரயர் பற்றி ஒரு வார்த்தை. தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடைக் காலத்தில் பெற்றோல் இல்லாமல் மண்ணெண்ணெயில் ஒஸ்ரின் கேம்பிரிட்ஜையும் மொறிஸ் மைனரையும் ஓட்டிய ஊர் இது. 2020 மார்ச்சிலிருந்து 2025 தொடக்கம் வரை வாகன இறக்குமதி நின்றபோதும் பழையதைப் பேணி ஓட்டினோம். இருப்பதை வைத்துச் சமாளிக்கும் அந்தக் கைவண்ணத்தின் மேல் எனக்குப் பெருமதிப்பு உண்டு. இயந்திரத்தில் அதைக் காட்டுங்கள், உடலில் காட்டுங்கள். தரையைத் தொடும் நான்கு இடங்களில் மட்டும் வேண்டாம். பஸ்ஸுக்கும் லொறிக்கும் முறையாகச் செய்த மறுவார்ப்பு வேறு. உயரமான, கவிழக்கூடிய ஜீப்பில் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு பாவித்த ரயரிலோ டக் போட்ட ரயரிலோ ஓடக் கூடாது.

படி 6: பூட்டும்போது

1. ஒரே அச்சில் கார் வகையும் எல்.டி.யும் கலக்கக் கூடாது. நான்கு சக்கர இழுவை வாகனமானால் நான்கும் ஒரே அளவு, ஒரே வகை, ஒரே பூவாக இருக்க வேண்டும். சுற்றளவு வேறுபட்டால் உள்ளே பற்சில்லுகள் ஒன்றையொன்று முறுக்கித் தேய்க்கும்.
2. புது ரயரோடு வால்வையும் மாற்றச் சொல்லுங்கள். சாதாரண றப்பர் வால்வு 65 பி.எஸ்.ஐ.க்கு மேல் தாங்காது. ஈ தர எல்.டி.யை உயர் காற்றில் ஓட்டுவதானால் உலோக வால்வு வேண்டும். ரிம்மின் தாங்குதிறனையும் கேளுங்கள்.
3. ரயரின் விளிம்பு ரிம்மில் அமரும்போது 40 பி.எஸ்.ஐ.க்கு மேல் காற்றடிக்க விடாதீர்கள். அமராவிட்டால் காற்றை இறக்கி, சவர்க்காரத் தண்ணீர் பூசி மீண்டும் முயல வேண்டும். அந்த நேரம் ரயருக்கு மேலே குனிந்து நிற்க வேண்டாம், பிள்ளைகளைக் கிட்ட விட வேண்டாம்.
4. நட்டுகளை ஒன்றுக்கு எதிரே ஒன்றாக இறுக்கி, 50 முதல் 100 கிலோமீற்றர் ஓடியபின் மறுபடி இறுக்கிப் பாருங்கள்.
5. பலன்சிங், அலைன்மென்ற் இரண்டும் செய்யுங்கள். எல்.டி. ரயர் கனமானது, சிறு பிழையும் ஸ்ரேரிங்கில் நடுக்கமாகத் தெரியும்.

உயிராபத்து: ரயர் பூட்டியபடி ரிம்முக்கு ஒருபோதும் வெல்டிங் வைக்கக் கூடாது. காற்றை இறக்கிவிட்டாலும் கூடாது. சூட்டில் உள்ளே றப்பர் வாயு கிளம்பி ரயர் வெடிக்கும். ஆள் இறந்துபோகும் வெடிப்பு அது. உப்பரித்த ரிம்மைக் கராஜுக்குக் கொடுக்கும்போது ரயரைக் கழற்றியே கொடுங்கள்.

படி 7: காற்று

இந்த அத்தியாயத்தில் ஒன்றை மட்டும் கடைப்பிடிக்க முடியுமென்றால் இதைக் கடைப்பிடியுங்கள்.

2000 ஆகஸ்டில் அமெரிக்காவில் பயர்ஸ்ரோன் நிறுவனம் 65 இலட்சம் ரயர்களைத் திரும்பப் பெற்றது. அவற்றில் பெரும்பகுதி போர்ட் எக்ஸ்புளோரர் ஜீப்பில் போட்டவை. அளவு பி235/75 ஆர்15, கார் வகை. ஓடிக்கொண்டிருக்கும்போதே மேற்றப்பர் பிரிந்து ஜீப்புகள் கவிழ்ந்தன; அமெரிக்காவில் மட்டும் 270க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ரயரில் குறையா, ஜீப்பில் குறையா என்று இரண்டு நிறுவனங்களும் நெடுநாள் வாதாடின. போர்ட் சொன்ன காற்று 26 பி.எஸ்.ஐ., பயர்ஸ்ரோன் பின்னர் சொன்னது 30. வெப்பமான மாநிலங்களில், நெடுஞ்சாலை வேகத்தில்தான் விபத்துகள் குவிந்தன. காற்றுக் குறைந்த ரயர் ஒவ்வொரு சுற்றிலும் அதிகமாக வளைகிறது, வளைவது சூடாகிறது, சூடு ஒட்டுகளை இளக்குகிறது. சித்திரை, வைகாசியில் பாரத்தோடு ஏ9இல் வவுனியாவை நோக்கி ஓடும் ஜீப்பிலும் நடப்பது அதே வேலைதான்.

எனவே:

1. கார் வகை ரயருக்குக் கதவுத் தகட்டில் உள்ள எண். முழுப் பாரத்துக்குத் தனி எண் இருந்தால், பாரம் ஏற்றும் நாளில் அந்த எண்.
2. எல்.டி.க்கு மாறினால் தகட்டின் எண் செல்லாது. அதே பாரத்தைத் தாங்க எல்.டி.க்குக் கூடுதல் காற்று வேண்டும். பெரும்பாலும் 10 பி.எஸ்.ஐ. அளவோ அதற்கு மேலோ. தகட்டில் 29 இருந்த ஜீப்புக்கு எல்.டி.யில் 40ஐ ஒட்டி வருவது வழக்கம். சரியான எண் உற்பத்தியாளரின் பார-காற்று அட்டவணையில் உண்டு. கடைக்காரரிடம் உங்கள் அளவுக்குரிய வரியைக் காட்டச் சொல்லுங்கள்.
3. பக்கச்சுவரில் எழுதியிருக்கும் உச்ச அழுத்தம் நீங்கள் அடிக்க வேண்டிய எண் அல்ல. ஈ தரத்தில் 80 என்று இருக்கும். வெறும் ஜீப்பில் 80 அடித்தால் நடு றப்பர் மட்டும் தேயும், மழையில் வழுக்கும்.
4. காலையில், ஓடுமுன் பாருங்கள். ஓடியபின் 4 முதல் 6 பி.எஸ்.ஐ. ஏறியிருப்பது இயல்பு. ஏறியதைக் கண்டு இறக்கிவிடாதீர்கள்.
5. சொந்தமாக ஓர் அளவுமானி வாங்குங்கள். பல கைகளில் அடிபட்ட பொது மானிகள் பிழை காட்டும்.

மிகப் பரவலான தவறு, பெருஞ்செலவில் எல்.டி. வாங்கிப் பழைய 29ஐயே அடிப்பது. தடித்த பக்கச்சுவர் காற்று இல்லாவிட்டாலும் நிமிர்ந்து நிற்கும். கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. பத்துப் பிளை என்ற நம்பிக்கையில் ஓடுபவர், கார் வகை ரயரில் சரியான காற்றோடு ஓடுபவரைவிட ஆபத்தில் இருக்கிறார்.

படி 8: மணலில் இறங்கினால்

வடமராட்சி கிழக்கின் மணற் பாதைகளில் புதைந்தால் அக்சிலேற்றரை மிதிப்பதை உடனே நிறுத்துங்கள். மிதிக்க மிதிக்கக் கிடங்குதான் ஆழமாகும்.

1. நான்கு ரயரையும் 18 முதல் 20 பி.எஸ்.ஐ.க்கு இறக்குங்கள். எல்.டி. விறைப்பானது என்பதால் இன்னும் இரண்டு மூன்று இறக்க நேரலாம்.
2. ரயரின் முன்னால் மணலைக் கையால் ஒதுக்குங்கள். காய்ந்த பனையோலை, சாக்கு எது கிடைத்தாலும் வையுங்கள்.
3. தாழ்ந்த கியரில் மெதுவாக எடுங்கள். 30 கிலோமீற்றர் வேகத்துக்கு மேல் போகாமலும் வெடுக்கென்று திருப்பாமலும் ஓட்டுங்கள். காற்றில்லாத ரயர் ரிம்மை விட்டுக் கழலக்கூடும்.
4. தார் வீதியில் ஏறுமுன் காற்றைத் திரும்ப அடியுங்கள். இதற்காகவே 12 வோல்ற் காற்றுப் பம்பி ஒன்றை வாகனத்தில் வைத்திருக்க வேண்டும். பம்பி இல்லையென்றால் காற்றை இறக்கவே வேண்டாம், உழவு இயந்திரத்தை அழையுங்கள்.

உயிராபத்து: கிளாலி, முகமாலை, நாகர்கோவில் வரையான பழைய முன்னரங்கப் பகுதிகளில் பாதையை விட்டு ஒரு சக்கரமும் இறக்காதீர்கள். மிதிவெடி எச்சரிக்கைப் பலகை கண்டால் வந்த தடத்திலேயே பின்னால் வாருங்கள். எந்த ரயரும் அதற்கு மருந்தல்ல.

மணற்காட்டு மணற்குன்றுகளில் ஏறி ஓட்டும் ஆசையையும் விட்டுவிடுங்கள். கடலுக்கும் ஊருக்கும் நடுவே நிற்கும் காவல் அவை. சக்கரம் பட்டுச் செடி அழிந்தால் மணல் நகரத் தொடங்கிவிடும்.

பஞ்சர், ஜக்

அடியில் ஏறிய சிறு ஆணி, 6 மில்லிமீற்றருக்குள் என்றால், ரயரைக் கழற்றி உள்ளிருந்து ஒட்டலாம். வெளியிலிருந்து திரி குத்துவது கராஜ் வரை போவதற்கு மட்டும். பக்கச்சுவரில் எதையும் ஒட்டுவதில்லை. பூவின் அடியில் குறுக்கே தெரியும் சிறு மேடுகளோடு றப்பர் சமமாகிவிட்டால் மிச்சம் 1.6 மில்லிமீற்றர்தான், மாரிக்கு முன் 3 மில்லிமீற்றராவது இருக்கும்படி பார்த்துக்கொள்வது என் வழக்கம். ஜக் வைக்கும்போது அடியில் பலகை, எதிர்ச் சக்கரத்துக்குக் கல், ஆட்கள் வெளியே. ஜக்கை மட்டும் நம்பி வாகனத்துக்குக் கீழே தலையை விடக் கூடாது.

உப்பும் ஸ்பெயர் வீலும்

பண்ணை, பொன்னாலை, புங்குடுதீவுப் பாலங்களின் வழியே அடிக்கடி போகும் வாகனத்தில் ரயருக்கு முன்னால் ரிம்தான் போகும். கடல் நீர் தெறித்த அன்றே கிணற்றுத் தண்ணீரால் ரிம்மையும் வால்வையும் கழுவுங்கள். வால்வுக்கு மூடி இல்லாமல் ஓடாதீர்கள். ரிம் விளிம்பில் உப்பரித்துச் சொரசொரப்பானால் காற்று மெல்லக் கசியும், ஆணியைத் தேடி நாள் போகும்.

8000 முதல் 10,000 கிலோமீற்றருக்கு ஒருமுறை முன் பின் சக்கரங்களை மாற்றுங்கள். அன்றே ஸ்பெயர் வீலையும் இறக்குங்கள். நான்கையும் எல்.டி.க்கு மாற்றியவர்கள் ஐந்தாவதை மறந்து பழைய கார் ரயரோடு விட்டுவிடுகிறார்கள். கப்பிலும் பல ஜீப்புகளிலும் அது அடியில் சங்கிலியில் தொங்குகிறது. உப்புக் காற்றில் அந்தச் சங்கிலியும் சுழலும் பூட்டும் இறுகிவிட்டால் இரவில், இயக்கச்சிக்கும் பரந்தனுக்கும் நடுவில், எந்தச் சாவியாலும் அசையாது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை முழுதாக இறக்கி, சங்கிலிக்குக் கிறீஸ் பூசி, திகதி இலக்கத்தைப் பார்த்து, ஓடும் ரயர்களில் உள்ளதைவிட 3, 4 பி.எஸ்.ஐ. கூடுதலாக அடித்து ஏற்றி வையுங்கள்.